பொட்டு வைக்காத படம்

போன மாதம் என் பழைய எக்ஸ்ரே டிபார்ட்மெண்டில் ஒரு சின்னக் கூட்டம் போட்டார்கள். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கியிருக்கிறார்களாம். படத்தில் எங்கே எலும்பு உடைந்திருக்கிறதோ அங்கே தானாகவே மஞ்சள் கட்டம் போட்டுக் காட்டுமாம். அதைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். ரிட்டயர் ஆனவர்களைக் கூப்பிடுவது கேக் வெட்டும்போது நாற்காலி நிறையத்தான் என்று தெரிந்தே போனேன். கேக் நன்றாக இருந்தது. கட்டமும் நன்றாகத்தான் போட்டது, பொய் சொல்லக் கூடாது.

அங்கே வேலை பார்க்கும் ஷில்பா என்ற பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேடம், இது எதுவுமே இல்லாம நீங்கள்லாம் எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

"கண்ணாலதாண்டி. உனக்கும் ரெண்டு இருக்கே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, சாதாரணமாக ஒன்று சொன்னாள். "இப்போ டாக்டருங்களுக்கு ரொம்ப ஈஸி மேடம். கட்டம் விழலன்னா படத்தை ஓப்பன் பண்ணிக்கூடப் பாக்கறதில்ல. நார்மல்னு அனுப்பிடறாங்க."

கையிலிருந்த கேக்கைக் கீழே வைத்தேன். அங்கேயே அவளிடம் ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். வாயில் வந்ததைப் பாதியில் விழுங்குகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. வீட்டில் எல்லோரும் என்னை நர்சிங் படிக்கச் சொன்னார்கள். ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். ரத்தமே பார்க்க வேண்டாத ஆஸ்பத்திரி வேலை ஒன்று இருக்கிறது, எக்ஸ்ரே என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். நம்பிச் சேர்ந்தேன். படிப்பு முடிந்ததும் பெங்களூரில் கண்டோன்மெண்ட் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. முதல் நாளே, அடிபட்டு வருகிறவர்களை எடுக்கிற கேஷுவாலிட்டி எக்ஸ்ரே அறையில் போட்டார்கள். ரத்தம் இருக்காது என்று சொன்ன அந்தப் புண்ணியவான் யாரென்று அப்பா கடைசிவரை சொல்லவே இல்லை.

அங்கே எங்களுக்குத் தலைவி ராஜலக்ஷ்மி மேடம். மல்லேஸ்வரத்து அம்மாள். சர்ச் மணி அடிக்கிற ஆஸ்பத்திரியில், நெற்றி நிறையப் பொட்டும் கையில் காபி பிளாஸ்க்குமாக பஸ் பிடித்து வருவார். அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் அவர் அறைக்குள் நுழைந்தால் நாங்கள் உட்கார்ந்திருக்க மாட்டோம். படத்தை எப்போதும் மூலையில் இரண்டு விரலால்தான் பிடிப்பார். நடுவில் விரல்பட்ட ரேகை தெரிந்தால் அந்தப் படத்தை எடுத்தவள் அன்றைக்குத் தொலைந்தாள்.

அவர் படம் பார்க்கிற விதமே தனி. விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டியதும் நாங்கள் எல்லோரும் உடைந்த இடத்துக்குத்தான் பாய்வோம். மேடம் உடைந்த இடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிவிடுவார். "அது எங்கேயும் ஓடிப்போகாதுடி. கண்ணுல பட்டாச்சோன்னோ, விடு. மிச்சத்தைப் பாரு" என்பார். மூடிய கையைத் தவிர்த்து ஓரத்திலிருந்து ஆரம்பிப்பார். தோல், சதை, எலும்பின் விளிம்பு, மூட்டு, கடைசியில்தான் கையை எடுப்பார். கால் எலும்பு உடைந்து வந்தவர்களுக்கு சில சமயம் இடுப்பிலும் ஒரு கீறல் இருக்கும். அதை அவர் பலமுறை அப்படிப் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, படத்துக்கு முன்னால் ஆளைப் பார்க்க வேண்டும் என்பார். நடந்து வருகிறானா, எந்தக் கையை எந்தக் கையால் தாங்கிப் பிடித்திருக்கிறான், சட்டையைக் கழற்றச் சொன்னால் எந்தப் பக்கம் முதலில் கழற்றுகிறான். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது.

ஆனால் ஒரு விஷயத்தில் கல்லு மாதிரி இருப்பார். எங்களில் யாரும் வாயைத் திறந்து ரிசல்ட் சொல்லக் கூடாது. நோயாளியிடமும் கூடாது, டாக்டரிடமும் கூடாது. "படம் பிடிக்கறவா படத்தை மட்டும் கொடுக்கணும். பேசப்படாது. நாளைக்கு ஒண்ணு தப்பாச்சுன்னா, யார்டி சொன்னதுன்னு நம்ம தலையைத்தான் உருட்டுவா." படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுகிற பெரிய டாக்டர் சாயங்காலம்தான் வருவார். அதுவரை கேஷுவாலிட்டியில் இருக்கிற சின்ன டாக்டர்கள்தான் தாங்களே பார்த்து முடிவு எடுக்க வேண்டும். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது அவர்கள் கண்ணுக்குத் தப்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வழியைக் கண்டுபிடித்ததும் மேடம்தான். ஒருநாள் விழுந்து அடிபட்ட பெரியவர் ஒருவரின் இடுப்புப் படம். மயிரிழை மாதிரி ஒரு கோடு. மேடம் வெகுநேரம் பார்த்தார். சொல்லவும் முடியாது, விடவும் மனசு வரவில்லை. தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் படத்தின் மேல் மூலையில் ஒட்டி அனுப்பிவிட்டார். கேஷுவாலிட்டியிலிருந்து டாக்டர் படத்தோடு ஓடிவந்தார், இது என்ன மேடம் என்று. "பொட்டு. நன்னா பார்த்துக்கோங்கோ டாக்டர்" என்று மட்டும் சொன்னார். டாக்டர் நன்றாகப் பார்த்தார். கோடு தெரிந்தது.

அன்றிலிருந்து அது எங்கள் பழக்கமாகிவிட்டது. ஏதாவது கண்ணில் பட்டால் மூலையில் பொட்டு. பெரிய சிஸ்டர், அதாவது ஆஸ்பத்திரியை நடத்திய கன்னியாஸ்திரி, ஒருமுறை படத்தைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன, நம்ம ஆஸ்பத்திரி படத்துல பொட்டு?" என்று கேட்டார். "நெத்தியில இருந்தாத்தான் சிஸ்டர் அது பொட்டு. ஃபிலிம்ல இருந்தா ஸ்டிக்கர்" என்றார் மேடம். பெரிய சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற, நெற்றியில் ஒருநாளும் பொட்டு வைக்காத நான், சிவாஜிநகர் வளையல் கடையில் அட்டை அட்டையாகப் பொட்டு வாங்கினேன். கடைக்காரர் என் வெறும் நெற்றியைப் பார்ப்பார், அட்டையைப் பார்ப்பார். விளக்கம் சொல்ல எனக்கும் பொறுமை இல்லை.

எங்கள் கண்ணுக்கு நல்ல பெயர் வந்தது. ஒரு குழந்தை, முழங்கை வீங்கி வந்தது. எலும்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் மூட்டுக்குப் பின்னால் லேசாகக் கறுப்பு நிழல் ஒன்று. உள்ளே ரத்தம் கட்டினால் அங்கிருக்கும் கொழுப்பு பிதுங்கி அப்படித் தெரியும். பொட்டு வைத்தேன். டாக்டர் எங்கே என்று கேட்டார், நான் வாயைத் திறக்காமல் பென்சிலை அந்த நிழலுக்கு நேராக நீட்டினேன். மாவுக்கட்டு போட்டார்கள். பத்து நாள் கழித்து எடுத்த படத்தில் உடைந்த கோடு தெளிவாக வந்தது. அன்றைக்கு எனக்குத் தலை கால் புரியவில்லை.

தப்பும் நடந்தது. எங்களில் ஒருத்தி (பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவாள்) ஓர் அம்மாவின் நெஞ்சுப் படத்தில் மேல்பக்கம் கட்டி மாதிரி நிழல் என்று பொட்டு வைத்துவிட்டாள். அந்த அம்மாவைப் படுக்க வைத்து, டி.பி.யா புற்றுநோயா என்று டாக்டர்கள் கூடிப் பேசி, வீட்டு ஆட்களெல்லாம் அழுது, கடைசியில் பார்த்தால் அது அவள் முன்னால் போட்டிருந்த சடைப் பின்னல். "சடைக்குப் பொட்டு வெச்சவ" என்று அவளை நாங்கள் ஓட்டிய ஓட்டம் கொஞ்சமில்லை. மேடத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். "இனிமே சந்தேகத்துக்கெல்லாம் பொட்டு கிடையாது. கண்ணுல தெரியணும். விரல் வெச்சுக் காட்ட முடியணும். முடிஞ்சா பொட்டு, முடியலன்னா இல்லை." நாங்களும் அப்படியே செய்தோம். அதற்குப்பிறகு எங்கள் பொட்டு தப்பவே இல்லை. கேஷுவாலிட்டி டாக்டர்கள் படம் வந்ததும் முதலில் மூலையைத்தான் பார்ப்பார்கள் என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. எங்களுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

முனிரத்தினம் வந்தது அந்தக் காலத்தில்தான். நல்ல பகல் வேளை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். லாரியிலிருந்து மூட்டையோடு தலைகுப்புற விழுந்திருக்கிறார். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனவரை, மனைவி செல்வி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நடந்து வந்த ஆள் என்பதால் யாரும் அவசரப்படவில்லை. கழுத்துப் பிடிப்பு என்று சொல்லிப் படத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

நான் ஆளைப் பார்த்தேன். நடை சரியாக இருந்தது. ஆனால் இடது உள்ளங்கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து, தன் தலையைத் தானே தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பூசணிக்காயை ஏந்திக்கொண்டு வருகிற மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை.

"அண்ணே, கையை எடுக்காதீங்க. அப்படியே ஸ்டூல்ல உக்காருங்க. தலையை ஆட்டாதீங்க" என்றேன்.

"இன்னா சிஸ்டர், இதுக்குப் போயி. நீலசந்திராவுல எங்க வூட்டாண்ட தண்ணி டேங்க் கீது, அத்தொட்டி பாஸ்கர் சலூனு. ஒரு சொடக்கு போட்டான்னா பிடிப்பு வுட்டுடும். இவதான் கேக்க மாட்டேன்னுட்டா" என்றார்.

சொடக்கு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முடி வெட்டி முடித்ததும் தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை வைத்து, சடக்கென்று கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பது. ஊரில் பாதி ஆம்பளைகளுக்கு அது இல்லாமல் முடிவெட்டின திருப்தி வராது.

பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தேன். கழுத்தில் எலும்பு ஏழு. மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்து ஏழாவதையும், அதற்குக் கீழே முதுகெலும்பு ஆரம்பிக்கிற இடத்தையும் பார்த்தால்தான் கழுத்துப் படம் முடிந்தது என்று அர்த்தம். படம் கழுவி வந்தது. விளக்குப் பெட்டியில் மாட்டி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதற்குக் கீழே வெள்ளையாகத் தோள். மூட்டை தூக்கித் தூக்கி வளர்ந்த தோள்கள், எருது மாதிரி. அவை இரண்டும் மேலேறி கடைசி இரண்டு எலும்பையும் மறைத்துவிட்டன. தெரிந்த ஐந்தும் சுத்தமாக இருந்தன.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. நீச்சல் அடிக்கிறவன் மாதிரி ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொரு கையைக் கீழே இறக்கி எடுத்தால், தோள்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகி நடுவில் எலும்பு தெரியும். அதை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பொட்டு வைக்கவில்லை. எதற்கு வைப்பேன்? விரல் வைத்துக் காட்ட ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணத்துக்குப் போன வேன் ஒன்று கவிழ்ந்து, பட்டுப்புடவையும் ரத்தமுமாக ஒரு கூட்டம் வந்து இறங்கியது. மூச்சுத் திணறுகிற ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு நேராக என் அறைக்குள் வந்துவிட்டார்கள். முனிரத்தினத்தை வெளி பெஞ்சில் உட்கார வைத்து, "அண்ணே, இன்னொரு படம் இருக்கு. நான் கூப்பிடற வரைக்கும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அந்தப் பெண்ணையும் இன்னும் இரண்டு பேரையும் முடித்துவிட்டு வெளியே வந்தால் பெஞ்ச் காலி. விளக்குப் பெட்டியும் காலி. படங்களை எடுத்துப் போகிற மேரியம்மா எப்போதும் போல, மாட்டியிருந்த எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கேஷுவாலிட்டியில் கொடுத்துவிட்டாள். அது அவள் வேலை.

ஓடினேன். டாக்டர் கிரீஷ் ஒரு கல்யாண வீட்டுப் பையனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். மைசூர் பக்கத்துப் பிள்ளை. நல்ல டாக்டர், நோயாளியை உட்கார வைத்துப் பேசுகிற டாக்டர்.

"கழுத்து கேஸ், முனிரத்தினம், எங்கே டாக்டர்?"

"களிஸ்பிட்டே மேடம். ஏனூ இல்ல, மஸல் கேட்ச் அஷ்டே, மனேகே ஹோகி அந்தே" என்றார். ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான், வீட்டுக்குப் போ என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பொட்டு இர்லில்வல்ல மேடம்..."

பொட்டு இல்லையே!

நான் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து எண்ணிக் காட்டினேன். சட்டம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, வாயைத் திறந்தே எண்ணினேன். ஐந்தோடு நின்றேன். அவர் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது. "அய்யோ தேவ்ரே" என்றார். அவர் எப்படிப் பார்ப்பார்? ஏழெட்டுப் பேர் ரத்தத்தோடு காத்திருக்க, தப்பாத பொட்டு ஒன்றை நம்பச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தானே. அது சரி, அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. அவர் மேலும் மேரியம்மா மேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்துக்கு நடுவில் முனிரத்தினம் சொன்ன சலூன் ஞாபகம் வந்தது. 

மறைந்திருக்கிற இடத்தில் எலும்பு நழுவியிருந்தால், அந்த ஒரு சொடக்கு போதும். தண்டுவடம் நசுங்கும். உயிர் இருந்தால்கூடக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

மேடம் சத்தம் கேட்டு வந்துவிட்டார். இரண்டு வார்த்தையில் சொன்னேன். கேள்வி கேட்கவில்லை. அலமாரியிலிருந்து கழுத்துக்குப் போடும் கெட்டியான பட்டை ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். "நீ போ. ஆளைப் பார்த்தவ நீதான். ஆம்புலன்ஸைப் பின்னாடியே அனுப்பறேன். இங்கே நான் நிக்கறேன்" என்று சொல்லி, ஈய ஏப்ரனை எடுத்து மாட்டிக்கொண்டு என் அறைக்குள் போனார்.

வாசலில் பாய் ஒருவரின் ஆட்டோ. "நீலசந்திரா, தண்ணி டேங்க், சலூன். சீக்கிரம்" என்றேன். "சலூனா? லேடீஸுக்குப் பார்லர் ஹை நா அம்மா, சலூன் காய்கு?" என்று, அங்கே எதற்கு என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அதற்குப்பிறகு அவர் பேசவில்லை. பிரேக் போடவும் இல்லை. செவ்வாய்க்கிழமையாக இருக்கக் கூடாதா, சலூன் எல்லாம் பூட்டியிருக்குமே என்று வழியெல்லாம் ஆண்டவரிடம் புலம்பிக்கொண்டே போனேன். அன்று வெள்ளிக்கிழமை.

சலூன் திறந்திருந்தது. செல்வி வெளியே நின்று யாரிடமோ, "ஒன்னுமில்லன்னுட்டாங்கக்கா, மாத்திரை குட்த்தாங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். முனிரத்தினம் எனக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் எண்ணெய். பின்னால் நின்ற பாஸ்கரின் ஒரு கை தாடையில் இருந்தது. இன்னொரு கை பின்மண்டைக்குப் போய்க்கொண்டிருந்தது.

கத்தப் போனவள் வாயை மூடிக்கொண்டேன். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எந்த மனுஷனும் என்ன செய்வான்? சட்டென்று திரும்பிப் பார்ப்பான். பாஸ்கர் செய்ய வேண்டியதை அவரே செய்து முடித்துவிடுவார். என் பிழைப்பே வாய்தான். அந்த ஒரு நிமிஷம் அதை அடக்கியதுதான் என் வேலைக் காலம் முழுவதிலும் நான் செய்த கஷ்டமான காரியம்.

கதவைத் தள்ளிக்கொண்டு மெதுவாக உள்ளே போனேன். எதிரே சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. அதில் என் முகம் அவருக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்று, சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை. அவர் கண் கண்ணாடியில் என் மேல் பட்டது.

"அண்ணே, திரும்பாதீங்க. கண்ணாடியிலயே என்னைப் பாருங்க. அப்படியே, அப்படியே இருங்க" என்றேன்.

"அட, சிஸ்டரு" என்றார். திரும்பவில்லை.

"தம்பி பாஸ்கர், கையை எடுக்காதே" என்றேன் அடுத்து.

பாஸ்கருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரும்மா நீங்க? லேடீஸ்லாம் இங்க..."

"ஆஸ்பத்திரி. இவர் கழுத்து எலும்பு விட்டிருக்கும்னு பயமா இருக்கு. நீ இப்போ பிடிச்சிருக்கற பிடிதான் அவரைக் காப்பாத்தணும். திருப்பாதே, விடாதே. காதுக்கு ரெண்டு பக்கமும் கையை வெச்சு அப்படியே தாங்கிப் பிடி."

பாஸ்கரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கை நடுங்கவில்லை. தினமும் நூறு கழுத்துப் பக்கத்தில் கத்தி வைக்கிற கை. மெதுவாக இரண்டு உள்ளங்கையையும் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்துக்கொண்டான். நான் எதிரே குனிந்து பட்டையைத் தாடைக்குக் கீழே கொடுத்து மாட்டினேன். செல்வி உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இன்னா ஆச்சு? ஒன்னுமில்லன்னாங்களே, அய்யோ ஒன்னுமில்லன்னாங்களே" என்று அழ ஆரம்பித்தாள். 

"சிஸ்டர், விரலு ரெண்டு மரமரங்குது" என்றார் முனிரத்தினம். அதுவரை அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆளைப் பலகையில் படுக்க வைத்தபோதும் பாஸ்கர் கையை விடவில்லை. விடு என்று நானும் சொல்லவில்லை. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, தலைமாட்டில் மண்டியிட்டு, ஆஸ்பத்திரிவரை பிடித்துக்கொண்டே வந்தான். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் "அண்ணா, கண்ணை மூடிக்க. நான் புடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

இரண்டாவது படத்தை மேடமே எடுத்தார். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, நாங்கள் இரண்டு பேர் ஒரு கையை மெல்ல மேலே தூக்க, ஒரு கையைக் கீழே இறக்க, ஒரே முறையில் எடுத்தார். படம் வந்தது. டாக்டர் கிரீஷ், மேடம், நான், மூவரும் விளக்குப் பெட்டி முன்னால் நின்றோம். இந்தமுறை டாக்டரே விரல் வைத்து மேலிருந்து எண்ணினார். ஆறாவது எலும்பு ஏழாவதின் மேலிருந்து பாதி அகலத்துக்கு முன்னால் நழுவி நின்றது. கூட்டத்தில் யாரோ இடித்தால் விழுந்துவிடுகிற மாதிரி ஓரத்தில்.  டாக்டர் எலும்பு சர்ஜனுக்குப் போன் செய்ய ஓடினார்.

மறுநாள் பெரிய சிஸ்டர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். யார் தப்பு என்று கேட்டார். டாக்டர் எழுந்து தன் தப்பு என்றார். மேரியம்மா அழுதாள். நான் என் மேல் தப்பில்லை என்று சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். தெரியாத இடத்துக்கு நான் எப்படிப் பொட்டு வைக்க முடியும்? பொட்டு இல்லை என்றால் ஒன்றுமில்லை என்று யாரும் எங்கேயும் சொன்னதில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொண்டோம். எங்கள் பொட்டு தப்பாமல் இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

பெரிய சிஸ்டர், இனி பொட்டே வேண்டாம் என்றார். அப்போது மேடம் எழுந்தார். "பொட்டு இருக்கட்டும் சிஸ்டர். ஆனா அது மட்டும் போறாது. நான்தான் இவாளைப் பேசப்படாதுன்னு வெச்சிருந்தேன். அது தப்பு. இனிமே என் பொண்கள் பேசுவா. எது தெரியறதோ அதைச் சொல்லுவா, எது தெரியலையோ அதையும் சொல்லுவா. பொறுப்பு என்னோடது" என்றார். என் பக்கம் திரும்பி, "உனக்கு மட்டும் அளவாப் பேசணும்னு தனியாச் சொல்லிக்கறேன் எஸ்தரு" என்றார். அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கேஷுவாலிட்டிப் படத்தோடு எங்களில் ஒருத்தி போய், வாயால் சொல்லிவிட்டுத்தான் வருவோம். "ஏழு தெரியல டாக்டர், இன்னொரு படம் வேணும்" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி மாளாது.

முனிரத்தினத்தின் தலையில் கவ்வி மாட்டி, எடை கட்டி, எலும்பை மெல்ல மெல்லப் பின்னால் இழுத்தார்கள். பிறகு ஆபரேஷன். இடையில் பாதி நாள் கையில் உணர்ச்சி இருந்தது, பாதி நாள் இல்லை. செல்வி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நடப்பாரா சிஸ்டர்?" என்று கேட்பாள். தெரியாது என்பேன். அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு தடவை "ஒன்றுமில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாதங்கள் போய், கழுத்துப் பட்டையைக் கழற்றுகிற நாள் வந்தது. கடைசிப் படத்தை நான்தான் எடுத்தேன். மூட்டை தூக்காததால் தோள் இளைத்திருந்தது. ஏழும் தெரிந்தன. ஆறாவதும் ஏழாவதும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஆபரேஷனில் வைத்த தகட்டோடு சேர்ந்து நேராக நின்றன. சர்ஜன் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றார். இனி மூட்டை மட்டும் கூடாது. ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலைக்குப் பேசி வைத்திருப்பதாகச் செல்வி சொன்னாள்.

இரண்டு பேரும் வராந்தாவில் வாசலை நோக்கி நடந்தார்கள். நான் என் அறை வாசலில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை விட்டு நடந்தார். தலை நேராக இருந்தது. விரல் வைத்து எண்ணிய படம் உள்ளே விளக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது, சர்ஜன் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் என் மனசு கேட்கவில்லை.

"முனிரத்தினம் அண்ணே!" என்று பின்னாலிருந்து சத்தமாகக் கூப்பிட்டேன். வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன்.

அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். தாடை தோள்வரைக்கும் திரும்பியது. "இன்னா சிஸ்டர்?" என்றார்.

கையைத் தூக்கி ஆட்டினேன்.

"ஒன்னுமில்ல அண்ணே. வூட்டுக்குப் போங்க" என்றேன்.